140 மில்லியன் வெள்ளித் தடுப்பூசி வீணானது: கணக்கு தப்பா, சரியா?

2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் ஓர் எண் வெளிவந்தது. சிங்கப்பூர் வாங்கிய கோவிட்-19 தடுப்பூசிகளில் சுமார் 15 விழுக்காடு யாருக்கும் போடப்படாமலேயே காலாவதியாகிவிட்டது. மதிப்பு ஏறத்தாழ 140 மில்லியன் வெள்ளி. சுகாதார அமைச்சர் ஓங் யி காங் அதைக் காப்பீட்டுக்குக் கட்டும் சந்தாவோடு ஒப்பிட்டார்.

கேட்டதும் என்ன தோன்றும்? "அவ்வளவு பணமா? அதை வைத்து எத்தனை வேலை செய்திருக்கலாம்!" நியாயமான கோபம்தான். ஆனால் அமைச்சர் சொன்ன ஒப்பீடு வெறும் பேச்சுச் சாமர்த்தியமா, அல்லது அதற்குப் பின்னால் உண்மையிலேயே ஒரு கணக்கு இருக்கிறதா?

இருக்கிறது. அந்தக் கணக்குக்கென்றே ஒரு துறையும் இருக்கிறது. ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச் என்பார்கள். தமிழில் செயல்முறை ஆய்வு. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் பிரிட்டனில், ரேடாரை எப்படிப் பயன்படுத்துவது, சரக்குக் கப்பல்களை எத்தனை எத்தனையாகச் சேர்த்து அனுப்புவது என்றெல்லாம் ராணுவத்துக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த அறிவியலாளர்களிடம் வளர்ந்த துறை அது. போர் முடிந்ததும் தொழிற்சாலைகளுக்குப் போனது. இன்று மருத்துவமனைப் படுக்கையிலிருந்து முகக்கவசக் கிடங்கு வரை அதன் கை நீளாத இடம் குறைவு.

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாசி லெமாக் கடையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

மிச்சமே வராத கடை

ஓர் அக்கா தினமும் காலையில் நாசி லெமாக் பொட்டலம் கட்டி விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொட்டலம் செய்ய 1 வெள்ளி செலவு. விற்பது 3 வெள்ளிக்கு. (இந்த விலைக்கு இப்போ எங்கே கிடைக்குது என்று கேட்காதீங்க. கணக்குக்காகத்தான்.) விற்காதது குப்பைக்குப் போகும். சில நாள் 60 பேர் வருவார்கள், சில நாள் 120 பேர். இடையில் எந்த எண்ணும் வரலாம், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு வாய்ப்பு. அக்கா எத்தனை கட்ட வேண்டும்?

"சராசரி 90, அதனால் 90" என்று சொல்லத் தோன்றும். ஆனால் சரியான விடை 100.

ஏன்? ஒரு பொட்டலம் குறைந்தால் அக்காவுக்குப் போவது 2 வெள்ளி லாபம். ஒன்று மிஞ்சினால் போவது 1 வெள்ளி. குறைவதுதான் அதிக நட்டம். அதனால் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுவதே புத்திசாலித்தனம். எவ்வளவு கூடுதல்? நூறாவது பொட்டலத்தை எடுத்துக்கொள்ளுங்க. அது விற்க மூன்றில் ஒரு வாய்ப்பு. மிஞ்ச மூன்றில் இரண்டு வாய்ப்பு. இரண்டு வெள்ளியை ஒரு பங்கு வாய்ப்பால் பெருக்கினாலும், ஒரு வெள்ளியை இரு பங்கு வாய்ப்பால் பெருக்கினாலும் தொகை ஒன்றுதான். லாபமும் நட்டமும் சமமாகிவிடும் அந்த இடத்தில் நிறுத்த வேண்டும்.

இப்போது கவனிங்க. 100 பொட்டலம் கட்டினால் மூன்று நாளில் இரண்டு நாள் மிச்சம் இருக்கும். அக்கா கணக்குத் தெரியாதவர் என்பதால் அல்ல, கணக்கைச் சரியாகப் போட்டதால்தான் மிஞ்சுகிறது. ஒரு நாளும் மிச்சமே வராத கடைக்காரர் உண்மையில் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பிப் பணத்தை இழந்துகொண்டிருக்கிறார். அந்த இழப்பு குப்பைத் தொட்டியில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

துறைக்காரர்கள் இதை நாளிதழ் விற்பவர் கணக்கு என்பார்கள். நேற்றைய பேப்பரை இன்று யாரும் வாங்க மாட்டார்கள் இல்லையா, அதனால் அந்தப் பெயர்.

இனி நாசி லெமாக்கை எடுத்துவிட்டுத் தடுப்பூசியை வையுங்கள். ஒரு தடுப்பூசி மிஞ்சினால் போவது அதன் விலை. ஒன்று குறைந்தால் போவது? ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். கடைகள் மூடப்படலாம். பள்ளிகள் மறுபடி இணையத்துக்குப் போகலாம். குறைவதன் நட்டம் மிஞ்சுவதைப் போல 99 மடங்கு என்று வைத்தால், நூற்றில் 99 நிலைமைகளுக்குப் போதுமான அளவு வாங்க வேண்டும் என்று அதே கணக்கு சொல்லும். அதாவது நூறு தடவையில் 99 தடவை ஏதோ ஒன்று மிஞ்சத்தான் செய்யும்.

ஆக, மிஞ்சியது என்பதை மட்டும் வைத்து முடிவு தப்பு என்று சொல்ல முடியாது. வாங்கும் நேரத்தில் என்ன தெரிந்திருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தடுப்பூசிகளுக்காக 1 பில்லியன் வெள்ளிக்கும் மேல் ஒதுக்கியிருப்பதாகச் சிங்கப்பூர் அறிவித்தது 2020 டிசம்பரில். எந்தத் தடுப்பூசி பலன் தரும் என்று தெளிவாகத் தெரிவதற்கு முன்பே, ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்களிடம் முன்பதிவு செய்யத் தொடங்கியிருந்தார்கள். காத்திருந்து, முடிவு தெரிந்தபிறகு வாங்கியிருந்தால் மிச்சம் குறைந்திருக்கும். வரிசையில் நம் இடமும் பின்னால் போயிருக்கும்.

அதே சமயம், இந்தக் கணக்கை வைத்து எந்த வீணையும் நியாயப்படுத்திவிடலாம் என்பதும் உண்மை. 99 மடங்கு என்று நான் எழுதியது ஓர் ஊகம். அதை 9 மடங்கு என்று மாற்றினால் வாங்க வேண்டிய அளவும் மாறிவிடும். அந்த எண்ணை யார் தீர்மானிப்பது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

டொயோட்டா கற்ற பாடம்

தொழிற்சாலை உலகில் பல ஆண்டுகளாக ஓடிய சிந்தனை இதற்கு நேர் எதிரானது. கிடங்கில் சரக்கு தூங்கினால் பணம் தூங்குகிறது. எனவே பாகங்கள் தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் அளவுக்கு மட்டும் வந்து சேர வேண்டும். இதைச் செய்துகாட்டிய நிறுவனம் டொயோட்டா. அதன் பொறியாளர் தைச்சி ஓனோவின் பெயர் இன்றும் வணிகப் பள்ளிகளில் ஒலிக்கிறது. மருத்துவமனைகளும் பேரங்காடிகளும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன.

2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. சிப் தயாரிக்கும் ஆலைகள் நின்றன, கார் உற்பத்தியும் நின்றது. அதற்குப் பிறகு டொயோட்டா ஒன்று செய்தது. தனக்குப் பாகம் தருபவர்கள், ரகத்தைப் பொறுத்து இரண்டு முதல் ஆறு மாதங்களுக்கான சிப் கையிருப்பு வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. கையிருப்பே கூடாது என்று உலகுக்குச் சொல்லிக்கொடுத்த அதே நிறுவனம்!

2021 தொடக்கத்தில் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு வந்தபோது மற்ற கார் நிறுவனங்கள் ஆலைகளை மூடின. டொயோட்டா ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் அதுவும் தன் உற்பத்தித் திட்டத்தைச் சுமார் 40 விழுக்காடு குறைக்க வேண்டி வந்தது. கையிருப்பு ஆபத்தைத் தடுக்கவில்லை, சில மாதங்கள் அவகாசம் வாங்கித் தந்தது.

கொள்ளைநோய்க்கான கிடங்கும் அதே வேலையைத்தான் செய்கிறது. அது தீரும்வரை கிடைக்கும் வாரங்களில் வேறு வழி தேடிக்கொள்ள வேண்டும்.

ஒரே ஐந்து மில்லியன், இரண்டு வழி

சிங்கப்பூருக்கு இந்தப் பாடம் 2003லேயே கிடைத்தது. சார்ஸ் நோயால் இங்கு 238 பேர் பாதிக்கப்பட்டார்கள், 33 பேர் மாண்டார்கள். 2013 ஜூனில் புகைமூட்டம் சூழ்ந்து காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டபோது அரசாங்கக் கிடங்கில் சுமார் 9 மில்லியன் என்95 முகக்கவசங்கள் இருந்தன.

2020 ஜனவரிக்கு வருவோம். முதல் கோவிட் சம்பவம் 23ஆம் தேதி. அந்தச் சமயத்தில் ஒன்பது நாளில் 5 மில்லியன் முகக்கவசங்களை அரசாங்கம் கடைகளுக்கு விட்டது. பல இடங்களில் சில மணி நேரத்தில் காலி. உடனே வழியை மாற்றினார்கள். பிப்ரவரி 1 முதல் சமூக மன்றங்களிலும் வசிப்போர் குழு நிலையங்களிலும் வீட்டுக்கு நான்கு முகக்கவசம் என்று விநியோகம். 1.3 மில்லியன் வீடுகள், மொத்தம் 5.2 மில்லியன்.

எண்ணிக்கையைப் பாருங்க. கிட்டத்தட்ட அதே ஐந்து மில்லியன்தான். கடை வழியாகப் போனபோது முதலில் ஓடியவருக்குப் பத்துப் பெட்டி, வேலை முடிந்து வந்தவருக்கு வெறும் அலமாரி. வீட்டுக்கு இத்தனை என்று பிரித்தபோது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு. செயல்முறை ஆய்வில் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்விக்கு இணையாக எந்த வழியாகப் போகிறது என்ற கேள்வியையும் வைப்பது இதனால்தான்.

வீட்டுக்கு நான்கு என்பது குறைவு என்று அப்போது முணுமுணுத்தவர்கள் உண்டு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு நான்கு எப்படிப் போதும்? ஆனால் எண்ணைவிட முக்கியமான ஒன்று அதில் இருந்தது. "எனக்கும் கிடைக்கும்" என்ற உறுதி. அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அதே பிப்ரவரி 7ஆம் தேதி பார்த்தோம். நோய்ப்பரவல் எச்சரிக்கை நிலை ஆரஞ்சுக்கு உயர்ந்ததும் பேரங்காடிகளில் அரிசி, மீ, கழிப்பறைத் தாள் எல்லாம் பறந்தன. அந்த வாரம் யாரும் மூன்று மடங்கு சாப்பிடவில்லை. தேவை மாறவே இல்லை, பயம்தான் மாறியது.

இதற்கும் ஒரு பெயர் உண்டு: சாட்டை விளைவு. சாட்டையின் பிடியைக் கொஞ்சம் அசைத்தால் நுனி பெரிதாக வீசும். புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் குழந்தை டயப்பர் விற்பனையில் இதைக் கவனித்தது. குழந்தைகள் வாரத்துக்கு வாரம் ஒரே அளவில்தான் டயப்பர் பயன்படுத்துகின்றன. ஆனால் கடைக்காரரின் ஆர்டர் கொஞ்சம் ஏறி இறங்கும், மொத்த வியாபாரியின் ஆர்டர் இன்னும் அதிகம், மூலப்பொருள் தருபவருக்குப் போகும் ஆர்டரோ பயங்கரமாக ஏறி இறங்கும். ஒவ்வொருவரும் "எதற்கும் இருக்கட்டும்" என்று கொஞ்சம் கூட்டிக் கேட்பதால் வரும் வினை.

கிடங்கைத் தூங்கவிடாமல் வைப்பது

மிஞ்சுவது தவிர்க்க முடியாதது என்றால் வீணாவதும் தவிர்க்க முடியாததா? இல்லை. இங்கேதான் துறையின் கெட்டிக்காரத்தனம் தெரிகிறது.

ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961இல் மிக எளிய ஒரு விதியை நிரூபித்தார். ஓர் இடத்தில் சராசரியாக இருக்கும் எண்ணிக்கை என்பது, உள்ளே வரும் வேகத்தை, ஒவ்வொன்றும் தங்கும் காலத்தால் பெருக்கினால் வருவது. மணிக்கு 20 பேர் வந்து, ஒவ்வொருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்தால், காப்பிக் கடையில் எந்நேரமும் சராசரியாகப் பத்துப் பேர்.

இதைக் கிடங்குக்குப் பொருத்துங்கள். நம் மருத்துவமனைகள் ஆண்டுக்கு 2 மில்லியன் முகக்கவசம் பயன்படுத்துகின்றன, ஒரு முகக்கவசத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 10 மில்லியன் வரை ஒன்றுகூட வீணாகாமல் வைத்திருக்கலாம். பழையதை மருத்துவமனைக்கு அனுப்பு, புதியதைக் கிடங்கில் வை. வீட்டில் அம்மா அரிசி டப்பாவில் செய்வதுதான். 10 மில்லியனுக்கு மேல் வைத்தால் அந்தக் கூடுதல் கண்டிப்பாகக் காலாவதியாகும். ஆக, ஒரு கிடங்கில் வீண் எவ்வளவு என்று செய்தி வரும்போது கேட்க வேண்டிய கேள்வி: சுழற்சியில் போயிருக்கக்கூடியது வீணானதா, அல்லது சுழற்சிக்கு மேல் தெரிந்தே வைத்திருந்தது வீணானதா? முன்னது நிர்வாகக் கோளாறு. பின்னதுதான் காப்பீட்டுச் சந்தா.

தடுப்பூசியில் சுழற்சி கடினம். ஆயுள் குறைவு, சாதாரண நாளில் அன்றாடப் பயன்பாடும் கிடையாது. ஆனாலும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் இறுதியில் சிங்கப்பூரும் ஆஸ்திரேலியாவும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. சிங்கப்பூர் 5 லட்சம் ஃபைசர் தடுப்பூசிகளைச் செப்டம்பரில் கொடுக்கும், ஆஸ்திரேலியா அதே எண்ணிக்கையை டிசம்பரில் திருப்பித் தரும். அவர்களுக்கு அவசரம் அப்போது. நமக்குக் கூடுதல் தடுப்பூசி தேவைப்படப்போவது பிறகு. ஒரே பொருள் இரண்டு நாட்டுக்கு உதவியது. இப்படிப்பட்ட பரிமாற்றங்கள் இன்னும் அதிகம் நடந்திருந்தால் அந்த 15 விழுக்காடு குறைந்திருக்குமோ என்று கேட்பது நியாயம். என்னைக் கேட்டால், "ஏன் இவ்வளவு வாங்கினீர்கள்" என்பதைவிட நல்ல கேள்வி அதுதான்.

சந்தா கட்டுவதை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் சாட்சி. பறவைக் காய்ச்சல் பயத்தில் 2006இல் அங்கு நடமாடும் மருத்துவமனைகள், சுமார் 50 மில்லியன் என்95 முகக்கவசங்கள், 2,400 சுவாசக் கருவிகள் எல்லாம் வாங்கினார்கள். 2011இல் பட்ஜெட்டில் துண்டு விழுந்ததும் பராமரிப்புச் செலவை வெட்டினார்கள். மிச்சமானது ஆண்டுக்கு 6 மில்லியன் அமெரிக்க டாலர்கூட இல்லை. ஒன்பது ஆண்டு கழித்து, எல்லாரும் முகக்கவசத்துக்கு அடித்துக்கொண்டபோது அந்த ஏற்பாடு அங்கில்லை. 2011இல் அதை வெட்டியவர்களை அப்போது யாரும் பெரிதாகத் திட்டியிருக்க மாட்டார்கள். சும்மா கிடக்கும் பொருளுக்குப் பரிந்து பேச ஆள் கிடைப்பது கடினம்.

மருத்துவமனைப் படுக்கைக்கும் இதே கதிதான். வரிசைக் கணிதத்தின் மிக எளிய மாதிரியில், ஒரு சேவை 80 விழுக்காடு நேரம் பிஸியாக இருந்தால், காத்திருக்கும் நேரம் சேவை நேரத்தைப் போல 4 மடங்கு. 90 விழுக்காட்டில் 9 மடங்கு. 95இல் 19 மடங்கு. உண்மையான மருத்துவமனை இதைவிடச் சிக்கலானது, ஆனால் கோடு வளையும் விதம் இதுதான். காலியாக இருக்கும் அந்தச் சில படுக்கைகள்தான் நெரிசலைத் தடுத்துக்கொண்டிருக்கின்றன.

இயந்திரம் இருந்தால் போதுமா?

பொருளைச் சேமிப்பதற்குப் பதில், செய்யும் திறனைச் சேமித்தால் என்ன? 2020இல் சிங்கப்பூர் அந்த வழியிலும் இறங்கியது. எஸ்டி எஞ்சினியரிங் நிறுவனம் உள்ளூரில் முகக்கவசம் செய்யத் தொடங்கியது. கணினி விளையாட்டுக்கான மவுஸ் விற்கும் ரேசர்கூட இங்கே ஓர் உற்பத்தித் தடம் அமைத்தது.

ஆனால் ஒரு சங்கிலியின் வேகம் அதன் மிக மெதுவான கண்ணியின் வேகம்தான். முகக்கவசத்தில் அந்தக் கண்ணி நடுவில் இருக்கும் மெல்லிய வடிகட்டித் துணி. தையல் இயந்திரம் வாங்குவது எளிது, அந்தத் துணியை நெய்யாமல் ஊதிச் செய்யும் இயந்திரம் கிடைப்பதுதான் கடினம்.

மலேசியாவின் கையுறைக் கதை இன்னும் அழுத்தமானது. அப்போது உலகின் ரப்பர் கையுறைகளில் பாதிக்கும் மேல் அங்கிருந்துதான் போயின. 2020இல் ஆர்டர்கள் குவிந்தன, ஆலைகள் இரவு பகலாக ஓடின. ரப்பர் இருந்தது, இயந்திரம் இருந்தது. நவம்பரில், உலகின் மிகப் பெரிய கையுறை நிறுவனமான டாப் கிளவ், கிள்ளானில் 28 ஆலைகளைக் கட்டங்கட்டமாக மூட வேண்டி வந்தது. ஊழியர்கள் தங்கும் விடுதிகளில் ஆயிரக்கணக்கானோருக்குக் கோவிட். உலகத்தை நோயிலிருந்து காக்கும் கையுறை, அதைச் செய்பவர் படுக்கும் அறையில் இருந்த நெரிசலால் நின்றது. சாட்டையும் வீசியது: ஆர்டரைப் பார்த்து எல்லாரும் ஆலையைப் பெரிதாக்க, 2022இல் கையுறை விலை சரிந்து அதே நிறுவனம் நட்டத்தைப் பதிவுசெய்தது.

சிங்கப்பூரிலும் அதே கண்ணிதான் அறுந்தது. 2020 டிசம்பர் நிலவரப்படி, விடுதிகளில் வசித்த சுமார் 323,000 வெளிநாட்டு ஊழியர்களில் 47 விழுக்காட்டினருக்குக் கிருமி தொற்றியிருந்தது. தமிழகத்திலிருந்து வந்தவர்களும் அவர்களில் கணிசம். கட்டுமானத் தளங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. உங்கள் வீட்டு வீவக சாவி தாமதமானதற்கு அதுவும் ஒரு காரணம். அரசாங்கமே 2023இல் வெளியிட்ட கோவிட் வெள்ளை அறிக்கை, விடுதிப் பரவலை இன்னும் நன்றாகக் கையாண்டிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது.

இப்போது விட்ட கேள்விக்கு வருவோம். பற்றாக்குறையின் விலையை யார் தீர்மானிப்பது? கணிதம் தீர்மானிக்காது. கொடுத்த விலையை வாங்கிக்கொண்டு விடையைச் சொல்வது மட்டுமே அதன் வேலை. தடுப்பூசிக்கு நாம் பெரிய விலை எழுதினோம், அதனால் நிறைய வாங்கினோம், 15 விழுக்காடு மிஞ்சியது. விடுதியில் ஓர் ஊழியருக்குக் கூடுதலாக ஒரு சதுர மீட்டர் இடம் என்பதும் அதே வகைக் காப்பீடுதான். 2020க்கு முன்னால் அந்த இடத்தில் எழுதியிருந்த விலை மிகச் சிறியது. யாரும் கெட்ட எண்ணத்தோடு எழுதியதாக நான் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தையே பலர் பார்க்கவில்லை.

2025 ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூரில் தொற்றுநோய்களுக்கென்றே தனி அமைப்பு ஒன்று இயங்குகிறது. தயார்நிலை, கண்காணிப்பு, கட்டுப்பாடு எல்லாம் அதன் பொறுப்பு. விடுதிகள் மனிதவள அமைச்சின் பொறுப்பில் இருக்கின்றன. 2021இல் அறிவிக்கப்பட்ட தரத்தின்படி புதிய விடுதிகளில் ஓர் அறைக்கு அதிகபட்சம் 12 பேர், ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர். ஏற்கெனவே இருக்கும் சுமார் 1,000 விடுதிகள் இடைக்காலத் தரத்துக்கு மாற 2030 வரையும், புதிய தரத்தை எட்ட 2040 வரையும் அவகாசம் தரப்பட்டிருக்கிறது.